தொட்டி மண்: ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்

(வானொலி வேளாண்மை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலே நிலம் வைத்திருக்கும் நம்மவர்களிடம் இப்போதெல்லாம் இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் மனை கேட்டு வருகிறார். இன்னொருவர் லாரியோடு வந்து, "மேலாக ஓர் அடி மண் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நிலம் உங்களுக்கே இருக்கட்டும்" என்கிறார். இரண்டாவது ஆள் சொல்வது சுலபமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஓர் அடியில்தான் நிலத்தின் உயிரே இருக்கிறது. ஓர் அங்குல மேல்மண் இயற்கையாக உருவாவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதை ஒரு பொழுதிலே லாரியில் ஏற்றிவிட்டால், நம் பேரப்பிள்ளை காலத்திலும் அது திரும்பி வராது.

மண்ணுக்கு ஏன் இத்தனை கிராக்கி? அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. நெல் விளைந்த இடங்களிலே அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அந்த வீடுகளின் மாடியிலே செடி வளர்க்கிறார்கள். 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் "நீங்களே செய்து பாருங்கள்" என்ற பெயரில் மாடித் தோட்டத் தளைகளைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, தக்காளி, கத்தரி, கீரை என்று தொட்டியிலே போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களிடம் விதை இருக்கிறது, தொட்டி இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இல்லாதது நல்ல மண் ஒன்றுதான்.

ஆகவே இன்றைக்கு நான் சொல்லப் போவது இதுதான். நிலத்தின் மேல்மண்ணை விற்காதீர்கள். நம் வீட்டு மாட்டுச் சாணியையும், வைக்கோலையும், தழையையும் கொண்டு தொட்டி மண்ணைத் தயார் செய்யுங்கள். முதலில் உங்கள் நாற்றுக்கும், மல்லிகைப் பதியனுக்கும், வீட்டுத் தொட்டிக்கும் பயன்படுத்திப் பாருங்கள். கைக்குப் பழகிய பிறகு மிச்சத்தை விற்கலாம்.

தொட்டி மண் ஏன் வேறு?

"வயல் மண்ணையே அள்ளித் தொட்டியிலே போட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வயலிலே செடி வைத்தால் அதன் வேர் நாலு பக்கமும் ஓடித் தேடிக்கொள்ளும். மண்புழு மண்ணைக் கிளறிவிடும். அதிகப்பட்ட தண்ணீர் கீழே இறங்கிப் போகும். தொட்டியிலே இது எதுவும் நடக்காது. ஒரு முழம் ஆழம்தான் அதன் உலகம். நாம் தினம் தினம் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சத்துக்கள் கரைந்து அடித்துளை வழியாக வெளியே போய்விடும். மண்ணும் அழுந்தி இறுகிவிடும். நம் பக்கத்து ஏரிப் பாசன நிலங்களில் பெரும்பாலும் களிமண். அதைத் தொட்டியிலே நிரப்பினால் நனைந்தபோது சேறு, காய்ந்தபோது ஓடு. வேருக்கு மூச்சு விட இடம் இருக்காது.

ஆகவே தொட்டி மண்ணுக்கு மூன்று குணம் வேண்டும். முதலாவது, தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டாவது, அதிகப்பட்ட தண்ணீரை விட்டுவிட்டு, காற்று நுழைய இடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது, சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து மாதத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மூன்று குணமும் நன்றாக மக்கிய உரத்திலே இருக்கின்றன. நன்றாக மக்கிய என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்மவர்கள் தவறுவது அந்த இடத்திலேதான்.

மக்காத உரம் செய்கிற கேடு

எங்கள் வட்டாரத்திலே ஒரு விவசாயி, நல்ல உழைப்பாளி, தொட்டி மண் வியாபாரம் ஆரம்பித்தார். குவியல் போட்டு 25 நாள்கூட ஆகவில்லை. மேலே பார்க்கக் கறுப்பாக இருந்தது. அவசரம், கேட்கிறவர்கள் வாசலிலே நிற்கிறார்கள். செம்மண்ணோடு கலந்து 60 பை கொடுத்துவிட்டார். பத்து நாளிலே அத்தனை நாற்றும் மஞ்சளாகி நின்றுவிட்டது. சில பைகளில் கை வைத்தால் உள்ளே சூடு. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் போன பெயரைத் திருப்பி வாங்க அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

ஏன் அப்படி ஆனது? மக்கும் வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டும். குவியலிலே அரைகுறையாக மக்கியதைத் தொட்டியிலே போட்டால், அந்த வேலை தொட்டிக்குள்ளே தொடரும். மண்ணில் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்களே முதலில் தின்றுவிடும். பந்தியிலே முந்திக்கொண்ட விருந்தாளி எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டால் பிள்ளைகள் பட்டினி கிடப்பதில்லையா, அது போலத்தான். செடி மஞ்சளடிக்கும். அதோடு சூடு கிளம்பி வேரைச் சுடும். அம்மோனியா வாயுவும் சில அமிலங்களும் உண்டாகி இளம் வேரைக் கருக்கும். வயலிலே இதெல்லாம் பரவிக் கரைந்து போகும். தொட்டியிலே போக வழி ஏது?

குவியலுக்கு வேண்டிய சாமான்கள்

உரக்குவியலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த பொருள்களிலே கரிச்சத்து அதிகம். பச்சைத் தழையிலும் சாணியிலும் தழைச்சத்து அதிகம். வைக்கோலை எடுத்துக்கொண்டால், ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிச்சத்து இருக்கும். மாட்டுச் சாணியிலே ஒன்றுக்குச் சுமார் 20. இரண்டையும் சேர்த்து, ஒன்றுக்கு 30 என்ற அளவுக்குக் கொண்டு வந்தால் குவியல் நன்றாக வேகும். வைக்கோல் மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சாணியும் பச்சையும் மட்டும் போட்டால் நாறும். தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

இந்த முறை புதிதல்ல. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரிலே இருந்து, நம் நாட்டு விவசாயிகளின் பழக்கங்களையும் பார்த்து, யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து வகுத்ததுதான் இந்தூர் முறை. அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று தடவை புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக்குவது அது. நம் மாநிலத்தின் வேளாண்மைக் கல்விக்குக்கூட வேர் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. 1868-இல் சைதாப்பேட்டையிலே தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

சாமான்களைப் பார்ப்போம். வைக்கோல், காய்ந்த சருகு, கரும்புச் சக்கை, கடலைத் தோல் இவை காய்ந்த வகை. சாலையோரப் புங்க மரத்துத் தழை, கிளைரிசிடியா, அகத்தி, களையெடுத்த புல், காய்கறிக் கழிவு, பழைய பூ இவை பச்சை வகை. வாழைத் தண்டை நறுக்கிப் போடலாம். கல்யாண மண்டபத்து வாழை இலை ஏராளமாகக் கிடைக்கும். அதிலே உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால், ஒரு தரம் அலசிவிட்டு நறுக்கிப் போடுங்கள். கோயம்பேடு சந்தையிலிருந்து வரும் கழிவிலே பிளாஸ்டிக் பை, ரப்பர் வளையம், சணல் எல்லாம் கலந்திருக்கும். முதலிலேயே பொறுக்கிவிட வேண்டும். மக்கிய பிறகு பொறுக்குவது நடக்காத காரியம்.

போடக்கூடாதவையும் உண்டு. கோரைக் கிழங்கு, பூ வைத்த பார்த்தீனியம், வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய தக்காளி, கத்தரி வேர்கள், கோழி, மீன் கழிவுகள், சாயம் பூசிய மரத்தின் சாம்பல், எரிந்த குப்பை இவை வேண்டாம். ஏரியிலே மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை நல்ல பொருள்தான். ஆனால் அது தண்ணீரிலுள்ள காரீயம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி. ஆகவே தொழிற்சாலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் ஏரியிலிருந்து அதை எடுத்து, சாப்பிடுகிற கீரைக்கு உரம் செய்யக்கூடாது. அதே எச்சரிக்கை அந்த ஏரிகளின் வண்டலுக்கும் பொருந்தும்.

வண்டல் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசு அனுமதிக்கும் ஏரிகளில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் முறையாக அனுமதி பெற வேண்டும். அது நம் நிலத்துக்குப் போடுவதற்காகக் கொடுப்பது. பையில் அடைத்து விற்பதற்கு அல்ல.

குவியல் போடும் முறை

மேடான, மர நிழல் உள்ள இடமாகப் பாருங்கள். 2015 டிசம்பர் மழையை நம் வட்டாரத்தில் யாரும் மறக்க முடியாது. பள்ளத்திலே போட்ட எருக்குழி அந்த மழைக்கு எங்கே போயிற்று என்று தெரியாது. ஆகவே குழியைவிடத் தரைக்கு மேலே குவியல் போடுவதே நமக்கு உத்தமம். நீளம் 10 அடி, அகலம் 5 அடி, உயரம் 4 அடி இருக்கட்டும். மிகச் சிறிய குவியலிலே சூடு நிற்காது. நாலு அடிக்கு மேலே போனால் அடியிலே காற்று போகாது.

அடியிலே துவரைக் கட்டை, பருத்திக் கட்டை, தென்னை மட்டை என்று முரட்டுச் சாமானை அரை அடிக்குப் பரப்புங்கள். இது காற்று போகும் வழி. அதன்மேலே நறுக்கிய காய்ந்த பொருள் அரை அடி. அதன்மேலே பச்சைத் தழை கால் அடி. அதன்மேலே சாணிக் கரைசல் தெளிக்க வேண்டும். மாட்டுத் தொழுவத்து மூத்திரம் ஊறிய மண் இருந்தால் ஒரு கூடை தூவுங்கள். அதிலே தழைச்சத்து நிறைய உண்டு. இப்படியே மாற்றி மாற்றி நாலு அடி உயரம் வரை அடுக்கி, மேலே கீற்று அல்லது வைக்கோல் போட்டு மூடுங்கள்.

ஈரப்பதம் மிக முக்கியம். உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கிலே இரண்டு மூன்று சொட்டு கசிந்தால் சரியான பதம். ஒழுகினால் ஈரம் அதிகம். காய்ந்த சருகு சேர்க்கணும். கசியவே இல்லை என்றால் தண்ணீர் தெளிக்கணும்.

மூன்று நாலு நாளிலே குவியல் சூடேறும். ஒரு கடப்பாரையை நடுவிலே செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவி, நுனியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். உள்ளே 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை போகும். அந்தச் சூட்டிலேதான் பெரும்பாலான களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாகின்றன. ஆனால் ஓரத்திலே உள்ளவற்றுக்கு அந்தச் சூடு கிடைக்காது. அதனால்தான் புரட்ட வேண்டும் என்கிறோம். 15-ஆம் நாள், 30-ஆம் நாள், 45-ஆம் நாள் என்று மூன்று தடவை, வெளியே இருப்பது உள்ளே போகும்படியும் உள்ளே இருப்பது வெளியே வரும்படியும் புரட்டுங்கள். புரட்டும்போது ஈரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டும்போது பருமனான வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் விடாதீர்கள். தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியிலேதான் வளர்கிறது. வேரைத் தின்னும் வேறு வண்டுகளின் புழுவும் இருக்கலாம். தொட்டிக்குள்ளே போய்விட்டால் ஒரே புழு ஒரு செடியின் வேரை முடித்துவிடும். கோழிகளை விட்டால் பொறுக்கித் தின்றுவிடும்.

ஆறப்போடுதல்

60 நாள் ஆயிற்று. குவியல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நிறமும் கறுத்துவிட்டது. புரட்டினாலும் பழையபடி சூடு ஏறவில்லை. இங்கேதான் நிறையப் பேர் "ஆயிற்று" என்று அள்ளிவிடுகிறார்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சோற்றுக்கு மட்டும் இல்லைங்க, உரத்துக்கும் அதுதான்.

உரத்தை அரை அங்குலச் சல்லடையிலே சலியுங்கள். மேலே நிற்கும் முரட்டுத் துண்டுகளை அடுத்த குவியலுக்குப் போடலாம். அதிலே நுண்ணுயிர் ஒட்டியிருப்பதால் புதுக் குவியலுக்கு உறைமோர் மாதிரி உதவும். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த உரத்தூசி நெஞ்சுக்கு ஆகாது. லேசாகத் தண்ணீர் தெளித்துச் சலித்தால் தூசி பறக்காது.

சலித்ததை நிழலிலே மூன்று அடி உயரத்துக்கு மிகாமல் குவித்து, ஈரக் கோணியால் மூடி, 30 நாள் விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக மூட வேண்டாம். உரம் மூச்சுவிட வேண்டும். இந்த நாட்களிலே சூடு விரும்பும் நுண்ணுயிர்கள் அடங்கி, வேறு வகைகள் வந்து சேரும். மண்புழுக்கள் தாமே வந்து குடியேறும். அமிலங்கள் அழிந்து, அம்மோனியா போய், தழைச்சத்து செடி எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வரும். வாரம் ஒரு தடவை ஈரம் பார்த்தால் போதும்.

இந்தச் சமயத்திலே 100 கிலோ உரத்துக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைத்தால், நாற்றழுகல், வேரழுகல் நோய்களுக்கு அது ஒரு காவல். சூடு முழுக்க ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

மூன்று பரீட்சை

உரம் ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே மூன்று பரீட்சை செய்யலாம்.

ஒன்று, மூக்குப் பரீட்சை. ஈர உரம் ஒரு பிடியை பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மூன்று நாள் வையுங்கள். பிரித்து முகர்ந்தால் முதல் மழையிலே எழும் மண் வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ, சாணி வாடையோ, மூத்திர நெடியோ அடித்தால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.

இரண்டு, சூட்டுப் பரீட்சை. குவியலைக் கிளறி, ஈரம் காட்டி மறுபடி குவித்து, மூன்று நாள் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளிக் காற்றின் அளவே சூடு இருந்தால் சரி.

மூன்று, முளைப்புப் பரீட்சை. இதுதான் முடிவான தீர்ப்பு. இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலே உரமும் மண்ணும் பாதிப் பாதி. இன்னொன்றிலே வெறும் மண். இரண்டிலும் 20 வெந்தயம் விதைத்து, ஒரே மாதிரி தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்திலே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரத் தட்டிலே முளைப்பு குறைவாக இருந்தாலோ, வேர் நுனி கறுத்திருந்தாலோ, இலை மஞ்சளாக இருந்தாலோ உரம் ஆறவில்லை. செலவு ஒரு பிடி வெந்தயம்தான். இதைச் செய்யாமல் ஒரு பை மண்கூட வாசலைத் தாண்டக்கூடாது என்று வீட்டிலே விதி வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்ணும் மற்றவையும்

உரம் ஆறுகிற நேரத்திலே மற்றச் சாமான்களைத் தயார் செய்யலாம். செம்மண் கட்டியை உடைத்துச் சலித்து, தரையிலே அரை அடிக்குப் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே நிறமில்லாத பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் மூடிவிடுங்கள். கத்திரி வெயிலிலே நாலு முதல் ஆறு வாரம் இப்படி வைத்தால், மண்ணிலுள்ள களை விதை, நூற்புழு, பூசணம் பெருமளவு குறைந்துவிடும். கறுப்புத் தாளைவிட நிறமில்லாத தாளிலேதான் வெயில் உள்ளே இறங்கும். மண் ஈரமாக இருந்தால்தான் சூடு பாயும்.

மூன்றாவது பொருள் மண்ணைப் பொலபொலப்பாக்குவது. முன்பெல்லாம் ஆற்று மணல் கலப்போம். இப்போது அதற்கு வழியில்லை. கட்டட வேலைக்கு வரும் எம் சாண்டிலே கல் தூள் அதிகம்; அது தண்ணீர் பட்டால் இறுகிவிடும். நமக்குக் கிடைக்கும் நல்ல பொருள்கள் இரண்டு. ஒன்று, கருக்கிய உமி. செங்குன்றம் அரிசி ஆலைகளிலே உமிக்குப் பஞ்சமில்லை. உமியை வெள்ளைச் சாம்பலாக எரித்துவிடாமல், கறுப்பாகக் கருகியதும் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பல் மண்ணைக் காரமாக்கும். கருக்கிய உமி காற்றுக்கு இடம் கொடுக்கும், எடையும் குறைவு.

இன்னொன்று, தென்னை நார்க் கழிவு. பச்சையாக அப்படியே போடக்கூடாது. அதிலே ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிச்சத்து இருக்கிறது, உப்பும் இருக்கலாம். மூன்று நாலு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். மக்கவைக்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இருக்கிறது. ஒரு டன் நார்க் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு நனைத்து வைப்பது. யூரியா வேண்டாம் என்பவர்கள் சாணிக் கரைசலோடு கூடுதல் நாள் வைத்து மக்கவைக்கலாம்.

கலவை

அளவு சுலபம். கூடையாலேயே அளக்கலாம். செம்மண் ஒரு கூடை, ஆறிய உரம் ஒரு கூடை, கருக்கிய உமியோ மக்கிய நார்க் கழிவோ ஒரு கூடை. உங்கள் மண் களிமண்ணாக இருந்தால் மண்ணை அரைக் கூடையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, எலுமிச்சை மாதிரி பல வருஷம் தொட்டியில் இருக்கப் போகிற செடிக்கு மண்ணை ஒன்றரைக் கூடையாகக் கூட்டுங்கள். ஏனென்றால் உரமும் நாரும் வருஷத்துக்கு வருஷம் மக்கி இறங்கும்; மண்தான் நிலைத்து நிற்கும்.

இந்தக் கலவை 10 கிலோவுக்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம் சேர்க்கலாம். வேப்பம் புண்ணாக்கிலே சுமார் 5 சதம் தழைச்சத்து. வேரைத் தாக்கும் பூச்சிக்கும் அது தடை. எலும்புத் தூளிலே 20 சதத்துக்கு மேல் மணிச்சத்து, மெதுவாகக் கரையும். கடலைப் புண்ணாக்கிலே தழைச்சத்து 7 சதம் வரை உண்டு என்பதற்காக மண்ணிலே அள்ளிப் போடாதீர்கள். எறும்பும் பூசணமும் வரும். பிறகு ஊறவைத்துத் தெளிந்த நீரை மாதம் ஒரு தரம் ஊற்றிக்கொள்ளலாம்.

கலந்த மண்ணைப் புட்டு மாவுப் பதத்துக்கு ஈரமாக்கி, நிழலிலே 15 நாள் மூடி வையுங்கள். இதுவும் ஓர் ஆறப்போடல்தான். புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடும் வாயுவும் இந்த 15 நாளிலே அடங்கிவிடும்.

தொட்டியை நிரப்பும்போது அடியிலே ஜல்லியைக் கனமாகப் பரப்புகிறார்கள். அது வேண்டாம். பொடி மண்ணுக்குக் கீழே ஜல்லி இருந்தால், மண் முழுக்க நிறையும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. வேருக்குக் கிடைக்கும் மண்ணும் குறைந்துபோகும். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லை வளைவாகக் கவிழ்த்தால் போதும். மேலே ஒன்றரை அங்குலம் இடம் விட்டு நிரப்புங்கள்.

காலக் கணக்கு

சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வைக்கோல் வீட்டுக்கு வந்துவிடும். பங்குனி நடுவிலே குவியல் போட்டால் வைகாசி நடுவிலே 60 நாள் முடியும். ஆனி நடு வரை ஆறப்போடுதல். அதன்பின் கலவை போட்டு 15 நாள். ஆடி பிறக்கும்போது மண் தயார். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி மாடித் தோட்டக்காரருக்கும் பொருந்தும். அவர்கள் மண் தேடுவதும் அந்தச் சமயத்தில்தான். ஐப்பசி மழைக்கு முன்னே செடி வேர் பிடித்துவிடும். மழைக் காலத்திலே மிச்சமுள்ள மண்ணைக் கூரைக்குக் கீழே வையுங்கள். மழையில் நனைய விட்டால் மூன்று மாத உழைப்பின் சத்து கரைந்து ஓடிவிடும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். 10 அடி, 5 அடி, 4 அடிக் குவியல் 200 கன அடி. மக்கி, சலித்த பிறகு 80 கன அடி உரம் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு ஒன்று என்று கலந்து, அடங்கிப் போவது போக, ஓர் அடி அகல, ஓர் அடி உயரத் தொட்டிகள் 300 நிரப்பலாம். அதற்கு வேண்டிய செம்மண் 80 கன அடிதான். மண்ணாகவே விற்றால் 300 தொட்டிக்கு 200 கன அடிக்குமேல் நிலத்திலிருந்து போயிருக்கும். அந்தச் செம்மண்ணையும் விளைநிலத்தின் மேல்தோலிலே சுரண்டாமல், கிணறு வெட்டிய மண், கடைக்கால் தோண்டிய மண் என்று பாருங்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

விற்கப் போகிறவர்கள் மண் ஆய்வுக் கூடத்திலே ஒரு தடவை மாதிரி கொடுத்துப் பாருங்கள். கார அமில நிலை 6.5-க்கும் 7.5-க்கும் நடுவே இருப்பது நல்லது. மக்கு உரம் என்று பெயரிட்டு மூட்டை போட்டு விற்பதற்கு 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் தர அளவுகள் இருக்கின்றன. கரிச்சத்து, தழைச்சத்து விகிதம் 20-க்குள் இருக்க வேண்டும். காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பெரிய அளவிலே இறங்குமுன் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலே கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

பையின்மேல் குவியல் போட்ட தேதியையும், ஆறவைத்து முடித்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, வாங்குகிறவருக்கு அது ஒரு நம்பிக்கை. திருமழிசையிலும், வெள்ளவேட்டிலும், திருநின்றவூரிலும் இன்னும் மாடு கட்டியிருக்கும் வீடுகள் இருக்கின்றன. சாணியை டிராக்டர் கணக்கிலே சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு, மேல்மண்ணையும் லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டால் நம் கையிலே மிஞ்சுவது என்ன? சாணி வீட்டிலேயே உரமாகட்டும். நிலம் நிலமாகவே இருக்கட்டும்.

இந்தப் பங்குனியிலே ஒரே ஒரு குவியல் போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஒரு பிடி உரத்தோடு வாருங்கள். முகர்ந்து பார்த்தே பாதிப் பதில் சொல்லிவிடலாம். மீதிப் பதிலை வெந்தயம் சொல்லும்.